நான் தமிழில் சொல்லாத பாதி

அந்த டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நாற்காலியில் நான். என் பக்கத்தில் முக்காலியில் என் மனைவி. பேச்சு முழுவதும் அவளைப் பற்றியது. அவர் பார்த்துப் பேசியதோ என்னை. சட்டைப் பையில் பேனா செருகிய கணவன் கூட வந்துவிட்டால் அந்த நாளில் பல டாக்டர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தார்கள். கரண்ட் வைப்பது என்று எல்லோரும் சொல்லும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, ஊருக்குப் புறப்படும் நாள் அது. டாக்டர் சொன்னது வரி வரியாக நினைவிருக்கிறது. புண்ணில் நீர் கோத்துக்கொண்டதால் இதுவரை கையை அதிகம் அசைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தோம், இப்போது ஆறிவிட்டது. இனி அந்தக் கை புழங்க வேண்டும். சுவரின் முன்னால் நின்று விரல்களைப் பூச்சி ஊர்வதுபோல மேலே மேலே ஏற்ற வேண்டும். தலையை அவரே வாரிக்கொள்ள வேண்டும். வலிக்கும், பொறுக்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். தினமும் நடக்க வேண்டும், இன்று வாசல் வரை என்றால் நாளை தெருமுனை வரை. படுத்தே கிடந்தால் தோள் இறுகிவிடும், கை வீங்கலாம், அசதி கூடும், மனம் ஒடிந்துவிடும். கடைசியில் எழுந்து வந்து என் தோளைத் தட்டி, இவரை நோயாளியாகவே வைத்துவிடாதீர்கள் என்றார்.

என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள்.

"ஏனுங்க, என்ன சொல்றாங்க?"

"நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம். கையத் தூக்கவே கூடாதாம்" என்றேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி போய்த் திறந்தேன். இத்தனை வயதுக்குப் பிறகும் இதை உட்கார்ந்த இடத்தில் எழுத முடியவில்லை.

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். ஆபீஸ் வேலை எல்லாம் என் கையில். பி.ஏ. படித்தவன் அந்த எஸ்டேட்டில் நான் ஒருவன்தான். வெளியூரிலிருந்து யாராவது வந்து ஆங்கிலத்தில் எதையாவது சொன்னால், மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் அதைத் தமிழில் எடுத்துச் சொல்வது நான். அதில் ஒரு சொல் கூடவோ குறையவோ விடமாட்டேன் என்று எனக்குப் பெயர் இருந்தது.

என் மனைவி அதே மலையில் ஒரு மேஸ்திரியின் மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால், பழம் எடுக்கிற பருவத்தில் இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு காபிச் செடிகளுக்கு நடுவே ஓடியவள். கல்யாணத்தோடு கூடை நின்றது. ரைட்டர் வீட்டுப் பெண் பழம் எடுக்கப் போகக்கூடாது. எஸ்டேட் பாதையில் தனியாக நடந்து போவதும் கௌரவக் குறைவு. ஏற்காட்டில் ஒண்டிக்கடை பஜாருக்குப் போய் ஒரு முழம் ரிப்பன் வாங்குவதற்கும் ஜீப் வரும்வரை காத்திருக்க வேண்டும். இதெல்லாம் யாரும் போட்ட சட்டம் இல்லை. ஸ்டாஃப் குடும்பங்கள் தாங்களாகவே பிடித்துக்கொண்டிருந்த வழக்கம். புதிதாக வந்தபோது, "அப்புறம் ஆண்டவரு காலு ரெண்டும் எதுக்குங்க குடுத்தாரு?" என்று கேட்டாள். நான் பேப்பரைப் புரட்டினேன். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஏன் பொய் சொன்னேன் என்பதைப் பல விதமாக எனக்கே விளக்கிப் பார்த்திருக்கிறேன். வார்டில் ஒரு நாள் தண்ணீர் எடுக்க அவள் கையை நீட்டியபோது கட்டு நனைந்து சிவந்ததைப் பார்த்தேன். தலை சுற்றி வராந்தாவுக்கு ஓடி வந்து, சாயங்காலம் வரை உள்ளே போகாமல் நடந்துகொண்டே இருந்தேன். அந்தக் கை அசைந்தால் மறுபடி அப்படி ஆகும் என்ற பயம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர்க் குடமும் விறகும் தூக்கித் தூக்கித்தான் அவளுக்கு இந்த நோய் வந்தது என்றும் நம்பினேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை, படித்தவன் நம்பினேன்.

இவையெல்லாம் உண்மை. ஆனாலும் பயத்தால் செய்தேன் என்று மட்டும் சொல்லி முடித்தால் மறுபடியும் பாதியைத்தான் சொன்னவனாவேன். அவள் படுத்திருக்க, நான் பார்த்துக்கொள்ள, அதை ஊர் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஊரும் பார்த்தது. சர்ச்சில் பெரியவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டியை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாய் தம்பி என்றார்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் எதற்காகவும் அப்படிப் புகழ்ந்ததில்லை.

பழம் எடுப்பு முடிகிற சமயத்தில் மலையேறி வந்தோம். உள்ளறையில் கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டேன். சமையலுக்கும் தண்ணீருக்கும் லைனிலிருந்து, அதாவது எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். மனைவியின் தலையை நானே வாரினேன். முதலில் முடி சிக்கியது. பிறகு பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டினேன். தட்டை மடியில் வைத்து, இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தேன். "குடுங்க, நானே பண்ணிக்கறேன்" என்று அவள் கையை எடுக்கும்போதெல்லாம், டாக்டர் சொன்னதை மறந்துவிட்டாயா என்று கேட்பேன். கேட்கும்போது என் குரல் கொஞ்சமும் தடுமாறாது.

அந்த மாதங்களில் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. நடக்க வேண்டியவள் உட்கார்ந்திருந்தாள். நான் நடந்தேன். ஆபீஸ் விட்டு வந்ததும் முன்னறையிலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து கட்டிலுக்கும் நடந்தேன். ஏதோ ஒன்றைத் தேடுவதுபோல இருக்கும், என்னவென்று தெரியாது. அவள் கண்கள் என்னோடு போய்வந்தன.

கோடை மழை பெய்து காபி பூத்தது. மலையே வெள்ளையாகக் கிடந்த அந்தச் சில நாட்களில் வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. போய்ப் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். ஒரு கொத்தை ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அவள் கை வீங்கியது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. அவள் கழற்றாமல் வைத்திருந்த ஒற்றை வளையல் சதையில் புதைந்துகொண்டது. அதை நான் குறடால் வெட்டி எடுத்தேன். தோள் அசையவில்லை. கை இடுப்போடு ஒட்டியதுபோல் இருந்தது. ராத்திரி தூக்கம் கிடையாது, பகலெல்லாம் அசதி. பார்க்க வந்த பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் ஊர்களில் மார்க்கட்டியால் செத்துப்போனவர்களின் கதைகளைச் சொல்லி அழுதுவிட்டுப் போனார்கள். அவள் அழவில்லை. நாளடைவில் யாரோடும் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம், "எல்லாம் முடிஞ்சுபோன மாதிரி இருக்குதுங்க. சொல்லத்தான் யாருமில்ல" என்றாள். நான் எழுந்து சமையலறைக்கு நடந்தேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்ன ஒவ்வொன்றும் என் கண்ணெதிரே அப்படியே நடந்துகொண்டிருந்தது. தோள் இறுகும் என்றார், இறுகியது. கை வீங்கலாம் என்றார், வீங்கியது. மனம் ஒடியும் என்றார். ஆனால் நாள் ஆக ஆக, சொன்ன பொய்யைத் திருத்துவதைவிட அதைக் காப்பாற்றுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

காபிச் செடியில் காய் பிடித்த சமயம், மறுபரிசோதனைக்குப் போனோம். பழைய டாக்டர் விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் இளம்வயதுப் பெண் டாக்டர் ஒருவர். என்னைப் பார்த்து நீங்கள் வெளியில் இருக்கலாம் என்றார். நான் கதவோரமாகவே நின்றுகொண்டேன். அவர் முக்காலியை இழுத்துப் போட்டு என் மனைவியின் எதிரில் உட்கார்ந்து தமிழில் பேசினார்.

"கையத் தூக்குங்கம்மா, பார்க்கலாம்."

அவளால் முடியவில்லை. மார்பு உயரம்கூட வரவில்லை. அவர் வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். சுவரில் விரல் ஏற்றும் பயிற்சி செய்தீர்களா, நடந்தீர்களா என்று கேட்டார். அவள் விழித்தாள். கையைத் தூக்கவே கூடாது என்றல்லவா சொன்னார்கள் என்றாள்.

"யாரும்மா அப்படிச் சொன்னது?"

"பெரிய டாக்டரு சொன்னாருன்னு இவங்கதான்..." என்று அவள் என் பக்கம் திரும்பினாள்.

அறையில் மூன்று பேர் இருந்தோம். இருவர் என்னைப் பார்த்தார்கள். "எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது" என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யில் பயமாவது இருந்தது.

பெண் டாக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் அவளிடமே சொன்னார். விரல்களை எப்படி ஏற்றுவது, வலி எங்கே வந்தால் நிறுத்துவது, வீங்கின கையைத் தலையணையில் உயர்த்தி வைத்து உள்ளங்கையை மூடித் திறப்பது, அந்தக் கையில் முள் கீறாமல் பார்த்துக்கொள்வது, பாரத்தை மற்றக் கைக்குக் கொடுப்பது. நடந்தால் அசதி கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாக நடக்க நடக்க அது குறையும் என்றார். நடந்தால் தூக்கம் வருமா என்று அவள் கேட்டாள். வரும் என்றார். மலையில் என்ன வேலை தெரியும் என்று கேட்டார். பழம் எடுப்பேன் என்று, எத்தனையோ வருடம் முன்னால் விட்ட வேலையை, நேற்றுச் செய்ததுபோல அவள் சொன்னாள். கை நன்றாக வந்த பிறகு அதையும் செய்யுங்கள் என்றார்.

ஊர் திரும்பும்போது சேலத்தில் வண்டி மாறினோம். ஏற்காடு பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மலை தொடங்கி, வளைவுகளில் வண்டி திரும்பத் திரும்ப, அவள் தோள் என் தோளில் வந்து இடித்தது, விலகியது. குளிர் தொடங்கும் இடத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"இனிமே எனக்குச் சொல்றத நானே கேட்டுக்கறேனுங்க."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. நான் தலையசைத்தேன். அந்த நிமிஷத்தில் நான் உண்மையைச் சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்தாளா என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாளே சமையலறைச் சுவரின் முன்னால் போய் நின்றாள். மஞ்சள் தொட்ட கையோடு நின்றதால் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளைச் சுவரில் மஞ்சள் பொட்டுகள் விழுந்தன. முதல் நாள் பொட்டுகள் அவள் நெஞ்சுக்குக் கீழேயே நின்றுவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு ஊதி ஊதி மூச்சு விடுவாள். நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். "போதும்" என்பேன். "நீங்க ஆபீசுக்குப் போங்க" என்பாள். போவேன், பாதி வழியில் திரும்பி வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். பொட்டுகள் ஏறின. ஒரு வாரம் ஏறாமல் நின்றன. மறுபடி ஏறின.

பிறகு நடை தொடங்கியது. வாசல் வரை, கேட் வரை, காபிக் களம் வரை, சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கும் ரோட்டு வளைவு வரை. ரைட்டரம்மா தனியாக நடக்கிறார்கள் என்று லைனில் பேச்சு கிளம்பியது. கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். வீட்டில் சண்டை என்றார்கள். எனக்கு ஆபீசில் உட்கார முடியவில்லை. ஜீப் டிரைவரைக் கூப்பிட்டு, அம்மாவுக்குப் பின்னாலேயே போய்க் களைத்தால் ஏற்றிக்கொண்டு வா என்று அனுப்பினேன். நடையின் நன்மையை ஒருவர் விளக்கமாகச் சொல்லிக் கேட்ட பிறகும், நடப்பவளுக்குப் பின்னால் ஜீப்பை அனுப்ப எங்கள் எஸ்டேட் ஸ்டாஃபால்தான் முடியும்.

டிரைவர் திரும்பி வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். முதல் கியரில் ஊர்ந்துகொண்டே போயிருக்கிறான்.

"அம்மா, ஏறிக்குங்க. இல்லீன்னா ரைட்டரு என்னையத்தான் திட்டுவாருங்க."

"திட்டட்டும் சாமி. வண்டிய ஆஃப் பண்ணு, நொம்பப் பொகையா இருக்குது."

"ஆஃப் பண்ணுனா அப்பறம் தள்ளித்தானுங்க ஸ்டார்ட் பண்ணோணும்."

"அப்பத் தள்ளு. உனக்கும் ஒடம்புக்கு நல்லது."

ஆபீசில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் ஜீப்பை அனுப்பவில்லை. நானே பின்னால் போனேன். சற்று தூரத்தில், வேறு வேலையாகப் போகிறவன்போல. அவள் வளைவில் நின்று திரும்பிப் பார்த்தாள். நடப்பதென்றால் கூட வந்து நடங்கள், வீட்டுக்குள் நடந்து தரையைத் தேய்க்க வேண்டாம் என்றாள். அன்றிலிருந்து கூட நடந்தேன். அவள் வேகம் எனக்கு வரவில்லை.

தூக்கம் வந்தது அவளுக்கு. சாப்பாடு இறங்கியது. கை வீக்கம் முழுதாக வற்றவில்லை. வேலை அதிகமான நாட்களில் கனக்கும், உயர்த்தி வைத்துக்கொள்வாள். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் ஒரு காலையில், நான் சீப்பை எடுத்துக்கொண்டு போனபோது அவள் பின்னல் போட்டு முடித்திருந்தாள். கோணலாக இருந்தது. நான் போடும் பின்னலைவிடக் கோணல். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, நன்றாக இருக்கிறதா என்றாள். இருக்கிறது என்றேன். சீப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு வேலை போய்விட்டதுபோல இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பழம் சிவந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காபிக் காட்டில் எடுப்புத் தொடங்கிய அன்று ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெண்கள் வரிசையில், முழுக்கைச் சட்டை ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கூடைக் கயிற்றை இடது தோளில் மாட்டி, என் மனைவி நின்றாள். அது என் சட்டை. எழுந்து ஓடினேன். வரப்பில் நின்று, வீட்டுக்கு வா என்றேன். என் குரலைக் கேட்டு எடுப்பு முழுவதும் நின்றுவிட்டது.

"சும்மா கொஞ்ச நேரமுங்க. கை வருதான்னு பாக்கறேன்" என்றாள். இடது கையால் கிளையை வளைத்துப் பிடித்து, வலது கையை நீட்டினாள். கை மெதுவாகத்தான் போனது. தலைக்கு மேல் ஒரு கொத்து இருந்தது. அதை எட்ட உதட்டைக் கடித்தாள். நான் வரப்பிலிருந்து ஒரு அடி இறங்கிவிட்டேன். விரல்கள் பழத்தைத் தொட்டன, உருவின, கூடையில் போட்டன.

"ரைட்டரே, சும்மா நிக்கறதுக்கு நீங்களும் ஒரு கூடையக் கட்டிக்குங்க" என்றாள் ஒரு கிழவி. அத்தனை பேரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். முதலாளி காதுக்குப் போகும், மற்ற ஸ்டாஃப் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றெல்லாம் ஓடிக்கொண்டிருந்த தலையோடு ஆபீசுக்குத் திரும்பி வந்தேன். அந்தப் பருவம் முழுவதும் காலையில் கொஞ்ச நேரம் அவள் போனாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று காத்திருந்ததுதான் மிச்சம்.

சர்ச் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை மாதம் கையைத் தூக்காமல் கிடந்தாயே, யார் அப்படிச் சொன்னது என்று ஒருத்தி கேட்டாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.

"டாக்டரு சரியாத்தான் சொன்னாருக்கா. எங்கூட்டுக்காரருக்கு இங்கிலீசு கொஞ்சம் கம்மி" என்றாள்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். மலையில் எங்கே ஆங்கிலம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கேலி எங்கள் வீட்டில் புழங்கியது. ரேடியோவில் ஆங்கிலச் செய்தி வந்தால், புரிகிறதா என்பாள். மருந்துச் சீட்டைப் படித்தால், வேறு யாரிடமாவது ஒருமுறை கேட்டுக்கொள்ளலாமே என்பாள். ஒவ்வொரு முறையும் சிரித்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து வெளியே போனேன்.

ஒன்றை விட்டுவிட்டேன். அவள் இப்போது இல்லை. தொண்ணூறுகளில் நோய் திரும்பி எலும்புக்குப் போனது. நடந்ததால் நோய் நின்றுவிடும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் அப்படி நினைத்து நடக்கவில்லை. நான் வீணாக்கிய அந்த மாதங்களால்தான் திரும்பியதா என்று ஒரு டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். நடுவில் கிடைத்த வருடங்களை அவர் எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள் என்றார். பார்த்தேன். கடைசி மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலம் வரை ரோட்டு வளைவு வரைக்கும் நடந்தாள். தலையைத் தானே வாரினாள். அந்த வருடங்களின் தொடக்கத்தில் சில மாதங்களை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு எந்த டாக்டரிடமும் பதில் இல்லை.

சொல்ல வந்தது வேறு. நோய் திரும்புவதற்குச் சில வருடம் முன்னால், லைனில் ஒரு பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தது. எங்கள் வீட்டில் முன்பு தண்ணீர் எடுத்துக்கொடுத்தவள் அவள்தான். அதே ஆஸ்பத்திரி, அதே ஆபரேஷன். கடைசிப் பரிசோதனைக்குப் போகும்போது என் மனைவி துணைக்குப் புறப்பட்டாள். என்னையும் வரச் சொன்னாள். பெரிய டாக்டர் ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்றாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஐயாவுக்கு இங்கிலீசு கம்மின்னு சொன்னீங்களேக்கா?"

"இப்பக் கொஞ்சம் தேறிட்டாரு கண்ணு" என்றாள் என் மனைவி.

அதே மேசை. அதே டாக்டர், தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த முறையும் நாற்காலியில் நான்தான். முக்காலியில் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால், தோளில் கை வைத்து என் மனைவி நின்றாள். வைத்திருந்தது வலது கை. டாக்டர் பேசத் தொடங்கினார். காயம் ஆறிவிட்டது, இனி அந்தக் கை புழங்க வேண்டும் என்றார். என் காதில் அந்தப் பழைய வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஏறக்குறைய அதே வரிசையில் விழுந்தன. நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்போல இருந்தது.

"சொன்னத அப்படியே சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

சொன்னேன். சுவரில் விரல் ஏற்றுவதைச் சொன்னேன். தலை வாரிக்கொள்வதைச் சொன்னேன். வலிக்கும் என்பதைச் சொன்னேன். படுத்தே கிடந்தால் தோள் இறுகும், கை வீங்கலாம், மனம் ஒடியும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். டாக்டர் காத்திருந்தார். அந்தப் பெண் என் வாயையே பார்த்தாள்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். "அன்னைக்கும் இதையேதான் சொன்னாரு. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நாந்தான் உங்கிட்டச் சொல்லல" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. அந்தப் பெண்ணின் தோளில் இருந்த கையையும் எடுக்கவில்லை.

"தெரியுமுங்க" என்றாள். "அவ காத்துக்கிட்டிருக்கா. மிச்சத்தச் சொல்லுங்க."

மிச்சத்தைச் சொன்னேன்.